நமுனுகுல மலையை வானம் எறிந்த கதை

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு நான்தான் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையை என் கையில் கொடுப்பார்கள். "அக்கா, ராத்திரி பூரா இருமுனா, தலைக்குத் தண்ணி ஊத்திறாதீங்க" என்று ஒரு கட்டளையையும் போட்டுவிட்டு மலையேறுவார்கள். மாலையில் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகு வந்து தூக்கிப் போவார்கள். இடையில் ஐந்து பிள்ளைகளும் எனக்குச் சொந்தம். அதற்குப் பிறகு லயத்து வரிசையில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போய்க் கதவைத் திறந்தால், காலையில் குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். நகர்த்த ஆளில்லை.

வீட்டுக்காரர் நான் குவைத்தில் இருந்தபோதே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். அதை எழுத ஆரம்பித்தால் தாள் பற்றிக்கொள்ளும், அதனால் விடுகிறேன். மகன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். "சாப்டீங்களா?" என்பான். "சாப்பிட்டேன்" என்பேன். "அங்க மழையா?" என்பான். நமுனுகுல பக்கம் என்றைக்கு மழை இல்லாமல் இருந்தது? "மழைதான்" என்பேன். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சு ஓடாது.

பிள்ளைக் காம்பராவில் மட்டும் எனக்கு வாய் ஓயாது. பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன். உலகம் எப்படி உண்டானது, மனிதன் எப்படி வந்தான், வானம் ஏன் இவ்வளவு உயரத்துக்குப் போனது என்ற கதைகள். எல்லாம் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கதைகள். தோட்டத்து ஆயாவுக்கு பிலிப்பைன்ஸ் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. குவைத்தில் ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டு வருஷம் நின்றபோது வந்தது.

அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் வேலைக்கு இருந்தோம். எனக்குச் சமையலும் துணியும். அவளுக்குப் பிள்ளை பார்க்கிற வேலை. அவள் பிலிப்பைன்ஸில் மலைப்பக்கத்துக்காரி. தன் சனத்தை இகொரோட் என்று சொல்வாள். நானும் மலைக்காரிதான் என்றேன். அவள் கையை உயர்த்திக் காட்டி, உன் மலை இவ்வளவு இருக்குமா என்று கேட்டாள். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நான் ஸ்டூலில் ஏறி நின்று காட்டினேன். அவள் சாப்பாட்டு மேசையில் ஏறினாள். எஜமானி வந்து இருவரையும் சேர்த்துத் திட்டினாள். அன்றிலிருந்து சிநேகிதம்.

எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சமையலறை அரபு மட்டும்தான். எஜமானி ஏவுகிற சொற்களைப் பொறுக்கிக் கோத்த பாஷை அது. மேலே, கீழே, தண்ணீர், உப்பு, துடை, கழுவு, சீக்கிரம், முடிந்தது. அதை வைத்துக்கொண்டு மனசில் கிடக்கிற எதையும் சொல்ல முடியாது. ஆனால் உலகம் உண்டான கதையைச் சொல்லலாம் என்று அவள் கண்டுபிடித்தாள்.

மத்தியானம் அந்த வீட்டுப் பெண்பிள்ளையைப் படுக்கவைத்துத் தலை சீவிவிட்டுக்கொண்டே சொல்வாள். நான் அதே அறையில் துணி தேய்ப்பேன். "மேலே வானம். கீழே கடல். நடுவில் பறவை. பறவைக்கு உட்கார இடம் இல்லை. சிறகு வலி, நிறைய வலி." பறவை என்ன செய்தது? வானத்திடம் போய்க் கடல் உன்னைத் திட்டுகிறது என்றது. கடலிடம் போய் வானம் உன்னைத் திட்டுகிறது என்றது. கோள் மூட்டிவிட்டது. கடல் எழும்பி வானத்தை அடித்தது. வானம் கல்லை அள்ளி அள்ளிக் கடலில் எறிந்தது. கல் விழுந்த இடமெல்லாம் தீவு. பறவை இறங்கி உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் ஒரு மூங்கிலைக் கொத்தியது. ஒரு கணுவிலிருந்து ஆண் வந்தான், இன்னொன்றிலிருந்து பெண் வந்தாள். எனக்கு அந்தப் பறவையைப் பிடித்துப்போனது. எங்கள் லயத்தில் அதைவிடக் கெட்டிக்காரப் பறவைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு கதைக்கும் முன்னால் இது யாருடைய கதை என்று சொல்லிவிடுவாள். பறவைக் கதை தகலோக் சனத்துடையது. தன் தோலைத் தேய்த்துத் தேய்த்து, உதிர்ந்த அழுக்கில் பூமியைச் செய்தவனின் கதை பிலான் சனத்துடையது. ஆண்டவர் நாணல்களை வெட்டி, இரண்டிரண்டாக ஊருக்கு ஊர் நட்டு, "பேசு!" என்று சொன்னதும் ஒவ்வொரு ஜோடியும் ஒவ்வொரு பாஷை பேசிய கதை அவளுடைய சொந்தச் சனத்துடையது. நான் ஒன்றோடு ஒன்றைக் கலந்து கேள்வி கேட்டால் கோபம் வந்துவிடும். "நாடு ஒன்று. ஆரம்பம் வேறு வேறு" என்பாள். ஒரு வீட்டுக் குழம்பை இன்னொரு வீட்டுச் சட்டியில் ஊற்றாதே என்பதுபோல ஒரு முறைப்பு முறைப்பாள்.

நான் ஊருக்கு வந்த பிறகு அதைத்தான் செய்தேன். எல்லாவற்றையும் என் சட்டியில் ஊற்றினேன்.

இங்கே என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒன்றுகூடக் கடலைப் பார்த்ததில்லை. தீவு என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தால் கதை படுத்துவிடும். அதனால் வானம் எறிந்தது ஒன்பது கல் என்றேன். அந்த ஒன்பதும்தான் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற நமுனுகுல மலையின் ஒன்பது முடிகள் என்றேன். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடின. பனிமூட்டத்தில் ஒரு முடிகூடத் தெரியவில்லை, ஆனாலும் நம்பின. பிலான் கதையில் மூக்கைத் தலைகீழாக ஒட்டிவிடுவான் ஒருவன். மழை பெய்ததும் மூக்குக்குள் தண்ணீர் போய் மனிதர்கள் மூச்சுத் திணறுவார்கள், படைத்தவன் ஓடிவந்து மூக்கைத் திருப்பி வைப்பான். அந்த மூக்கு ஒட்டுகிற ஆளுக்கு நான் கங்காணி வேலை கொடுத்தேன். இப்படி ஒவ்வொன்றாக. தோழி அப்போது உயிரோடு இருந்தாள், நான் செய்வது அவளுக்குத் தெரியாது.

நான் வந்து நாலைந்து வருஷம் கழித்து அவளும் ஊருக்குப் போனாள், நோயோடு. ஏழு மாதத்தில் செத்துப்போனாள். அவளுடைய படத்துக்குக் கீழே யார் யாரோ பூ வைத்திருந்ததைப் போனில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் யாரிடம் சொல்லி அழுவது? லயத்தில் யாருக்கு அவளைத் தெரியும்? பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் முன்னாலேயே அழுதேன். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று என்னைப் பார்த்துத் தானும் அழுதது.

போன ஐப்பசியில், தோழியின் நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்த நம்பர் இரண்டு வருஷமாக ஊமையாக இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைப் போன் தமிழாக்கித் தந்தது. கல்லும் உமியுமான தமிழ், ஆனாலும் புரிந்தது. எழுதியிருந்தவள் தோழியின் மகள். என்னை 'தீத்தா' என்று கூப்பிட்டிருந்தாள். அவர்கள் ஊரில் அத்தை, சித்தி எல்லாருக்கும் அதுதான் சொல்.

அவள் கேட்டது இது. அம்மா வெளிநாட்டுக்குப் போகும்போது அவளுக்கு எட்டு வயது. திரும்பி வந்தபோது அவள் வளர்ந்த பெண். அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் விருந்தாளிகள் மாதிரி இருந்தார்களாம். ஒருநாள், நீ எனக்கு ஒரு கதைகூடச் சொன்னதில்லை என்று அம்மாவைக் குத்திப் பேசியிருக்கிறாள். அம்மா, "எல்லாம் இலங்கைக்காரிக்குத் தெரியும், அவளிடம் கேள்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். இப்போது அந்தக் கதைகள் அவளுக்கு வேண்டும். அம்மா எப்படிச் சொன்னாரோ அப்படியே வேண்டும். மாதம் முடிவதற்குள் வேண்டும்.

இவ்வளவுதானா என்று நினைத்தேன். அன்றைக்கே, பிள்ளைகள் போன பிறகு, பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பறவைக் கதையைத் தமிழில் சொல்லி, போனில் பதிந்து அனுப்பினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மறுநாள் அவளுடைய போன் அதை எப்படியோ மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறது. அவள் கேட்டாள்: "தீத்தா, ஒன்பது கற்களா? எங்கள் நாட்டில் ஆயிரக்கணக்கான தீவுகள். அம்மா ஒன்பது என்றா சொன்னார்?"

அம்மா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று எழுதினேன். சரி, அம்மா சொன்னதைச் சொல்லுங்கள் என்றாள். அப்போதுதான் தெரிந்தது, எது அவள் சொன்னது, எது நான் சேர்த்தது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. பானையில் கரைந்த சீனியை எப்படித் திரும்ப அள்ளுவது? எட்டு வருஷமாக நான் சொன்னதைக் கேட்டுக் கேட்டு என் காதே ஏமாந்துபோயிருந்தது. செத்துப்போனவளின் ஒரே சொத்து என்னிடம் இருந்தது, அதை நான் என் இஷ்டத்துக்கு வெட்டித் தைத்து ஐந்து பிள்ளைகளுக்குச் சட்டை போட்டுவிட்டேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கதையே சொல்லவில்லை. "ஆயாம்மாவுக்கு வாய் வலியா?" என்று ஒன்று கேட்டது.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்தது. என் வாயில் தமிழுக்கு முன்னால் அரபு வந்தது. "துடை, சீக்கிரம்" என்று எஜமானியின் குரலிலேயே கத்திவிட்டேன். பிள்ளை மிரண்டுபோய் நின்றது. அதைத் தூக்கிச் சமாதானம் செய்துகொண்டிருக்கும்போதே தோன்றியது, அவள் எனக்கு இந்தக் கதைகளைத் தமிழில் சொல்லவில்லையே.

தோழியின் மகளிடம் கேட்டேன், உன் ஊரில் யாருக்காவது சமையலறை அரபு தெரியுமா என்று. "எங்கள் தெருவில் மட்டும் ஆறு பேர், தீத்தா" என்று பதில் வந்தது. எங்கள் லயத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருப்போம்.

மறுநாளிலிருந்து, தொட்டிப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஓட்டைப் பாஷையில் சொன்னேன். மேலே வானம். கீழே கடல். நடுவில் பறவை. அந்தப் பாஷையில் எனக்கு நமுனுகுல இல்லை, கங்காணி இல்லை, கொழுந்துக் கூடை இல்லை. இல்லாததை எப்படிச் சேர்ப்பது? கை வைத்த இடத்தில் எல்லாம் அவளுடைய சொல்தான் அகப்பட்டது. கல் எத்தனை என்று வந்தபோது என் வாய் தானாகவே, "கல், கல், கல், நிறைய" என்றது. ஆமாம், அப்படித்தான் சொன்னாள். சொல்லும்போது பிள்ளையின் வயிற்றில் விரலால் குத்திக் குத்திச் சொல்வாள். பிள்ளை நெளிந்து சிரிக்கும். இத்தனை வருஷம் அது எங்கே கிடந்தது?

வானம் உயரத்துக்குப் போன கதையில்தான் நான் தடுக்கி விழுந்தேன். அது புகிட்னோன் என்ற சனத்துடைய கதை. அந்தக் காலத்தில் வானம் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. தனியாக இருந்த ஒரு பெண் நெல் குத்தப் போனாள். குத்துவதற்கு முன் தன் தாலியைக் கழற்றி வானத்தில் மாட்டினாள். உலக்கையை ஓங்க ஓங்க, அது வானத்தில் இடித்து இடித்து, வானம் வலி தாங்காமல் மேலே மேலே போய்விட்டது. மாட்டியது மாட்டியபடி அங்கேயே நின்றுவிட்டது. அதுதான் நிலா. இப்படித்தான் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகச் சொல்லி வந்தேன். இதில் நான் சேர்த்தது உண்டு என்று எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பேன்.

தாலிக்குச் சமையலறை அரபில் சொல் இல்லை. என்ன சொல்வது என்று யோசித்து நின்றேன். யோசிக்கும்போதே வாய் சொல்லிவிட்டது: "முஷ்த்." சீப்பு. அவள் கழற்றி மாட்டியது தலையில் செருகியிருந்த சீப்பும் கழுத்துப் பாசிமணியும். சீப்பு நிலாவானது, மணிகள் நட்சத்திரங்களாயின. தோழி இதைச் சொல்லும்போது கையில் பிள்ளையின் சீப்பு இருக்கும், அதை மேலே தூக்கிக் காட்டுவாள். கதையில் இருந்தவள் கல்யாணமே ஆகாதவள், அவளுக்கு ஏது தாலி? குவைத்துக்குப் போகும்போது தாலியைக் கழற்றி என் அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனவள் நான். திரும்பி வந்தபோது அதைக் கட்டிக்கொள்ளக் காரணம் இருக்கவில்லை. என் கழுத்தில் இருந்ததைத்தான் நான் கொண்டுபோய் அவர்கள் வானத்தில் மாட்டியிருக்கிறேன். பதிவை நிறுத்தி அழித்தேன். பிறகு முதலிலிருந்து சொன்னேன், சீப்பு என்றே.

கடைசியாக ஒளிந்த பிள்ளைகளின் கதை. அதுவும் தகலோக் சனத்துடையது. மூங்கிலிலிருந்து வந்த அந்த இருவருக்கும் பிள்ளைகள் பெருகிப்போய், தொல்லை தாங்காமல் அப்பன் கம்பை எடுக்கிறான். பிள்ளைகள் சிதறி ஓடுகின்றன. உள் அறைகளில் ஒளிந்தவர்கள் பெரிய மனிதர்கள் ஆனார்கள். சுவருக்குள் ஒளிந்தவர்கள் அடிமைகள். வாசலைத் தாண்டி ஓடியவர்கள் யாருக்கும் கட்டுப்படாதவர்கள். அடுப்பங்கரையில் ஒளிந்தவர்கள் கறுத்துப்போனார்கள். கடலுக்கு ஓடியவர்கள் வெளுத்துப்போய், எத்தனையோ காலம் கழித்துத் திரும்பினார்கள். இங்கே இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, "ஒரே காம்பராதானே, எல்லாரும் எங்க ஒளியிறது?" என்று கேட்டு என்னை மடக்கியது. அதனால் இங்கே எல்லாரும் தேயிலைக்குள் ஒளிந்தார்கள்.

அரபில் சொல்லி முடித்தபோது, கதைக்குப் பிறகு தோழி கேட்டதும் ஞாபகம் வந்தது. "நீயும் நானும் எங்கே ஒளிந்தோம்?" என்றாள். அடுப்பங்கரை என்றேன், சமையல்காரி வேறென்ன சொல்வேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். "கடல். திரும்பிப் போவோம். பிள்ளைகளுக்கு நம்மைத் தெரியாது" என்றாள். அதையும் சேர்த்தே அனுப்பினேன். இது கதையில் இல்லை, அம்மா சொன்னது என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி எழுதினாள். "தீத்தா, அம்மா இவற்றை யாருக்குச் சொன்னார்? என்னை நினைத்துக்கொண்டு உங்களிடம் சொன்னாரா?"

ஆமாம் என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழித்தேன். திரும்பவும் எழுதினேன், திரும்பவும் அழித்தேன். அம்மா எப்படிச் சொன்னாரோ அப்படியே வேண்டும் என்று கேட்ட பெண்ணிடம், ஒன்பது மலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தாலியையும் கழற்றிவிட்டு, கடைசியில் இதில் போய்ப் பொய் சொல்வதா? "அந்த வீட்டுப் பிள்ளையைத் தூங்கவைக்கச் சொன்னாள். நான் பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டு கேட்டேன். உன்னைப் பற்றி அவள் பேசமாட்டாள். பேசினால் அன்றைக்கு அவளுக்கு வேலை ஓடாது" என்று எழுதி அனுப்பினேன். அவள் படித்துவிட்டாள் என்று போன் காட்டியது.

மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகன் போன் எடுத்து "சாப்டீங்களா?" என்றபோது, இல்லை என்றேன். அதற்கும் அவன், "அங்க மழையா?" என்றான்.

நான்காம் நாள் எழுதியிருந்தாள். "தெரியும், தீத்தா. அந்தப் பிள்ளை கதை இல்லாமல் தூங்காது என்று அம்மா போனில் சொல்வார். எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் அடுத்த வாரம் ரியாத் போகிறேன். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீடு. எனக்கு மூன்று வயதில் ஒரு மகள். வேறு பிள்ளைக்குச் சொல்வதற்கு முன்னால் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நேற்றோடு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். நன்றி."

தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. போகாதே என்று சொல்ல நினைத்தேன். என் காம்பராவின் கூரைத் தகரமும் மகனின் படிப்பும் அங்கே துணி தேய்த்து வந்தவைதான். நான் எந்த வாயால் சொல்வது? அவள் அம்மாவையும் என்னையும்போல அவளும் கணக்குப் போட்டுப் பார்த்து, வேறு வழி இல்லாமல்தான் கிளம்பியிருப்பாள்.

பதிவுப் பொத்தானை அழுத்தி, முதலில் எல்லாரும் சொல்கிற புத்தியைச் சொன்னேன். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள், எஜமானி முன்னால் அழாதே, வெள்ளிக்கிழமை லீவு நாளில் போனைக் கேட்டு வாங்கு. பிறகு என் மகனைப் பற்றிச் சொல்லப் பார்த்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் கிளம்பும்போது அவனுக்கு நாலு வயது. முழித்துக்கொண்டால் அழுவான், அழுதால் உனக்குப் போக மனசு வராது, தூங்கும்போதே கிளம்பிவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கள் லயத்திலிருந்து வெளிநாடு போன பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் போனார்கள். நானும் என் சேலையைப் பிடித்திருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போனேன். எட்டு வருஷம் கழித்து வந்தபோது அக்கா சொன்னாள், அதற்குப் பிறகு அவன் தூங்கப் பயப்பட்டானாம். கண் சொருகினால் கிள்ளிக்கொள்வானாம். பத்து வயது வரைக்கும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் படுப்பானாம்.

இவ்வளவையும் அந்தச் சமையலறை அரபில் சொல்ல முடியவில்லை. விரலுக்குச் சொல் இருந்தது, பயத்துக்கு இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஏவல் சொற்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். "பிள்ளை தூங்கும்போது போகாதே. எழுப்பு. முகத்தைக் கழுவு. அம்மா போகிறேன் என்று சொல். அழட்டும். அதற்குப் பிறகு போ."